பழைய ஏர் ரைபிளுக்குப் பழைய ஸ்கோப் தேர்ந்தெடுப்பது எப்படி

பழைய ஏர் ரைபிள் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அடுத்து மனசு ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைத் தேட ஆரம்பிக்கும். அதுவும் அந்தத் துப்பாக்கியின் காலத்தைச் சேர்ந்ததாக, கருநீலம் பூசிய இரும்புக் குழாயாக இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் முதலில் வாங்கியது வேட்டைத் துப்பாக்கிக்காகச் செய்த, 4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, குழாயில் ஒரு கீறல் இல்லை. ஸ்பிரிங் ரைபிளில் பூட்டிச் சில நாள் சுட்டதும் குறுக்குக் கோடு ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் ஸ்கோப்பைக் குலுக்கினால் உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. ஸ்கோப்பில் குறை ஒன்றும் இல்லை. அது எந்தத் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டது என்று நான்தான் யோசிக்கவில்லை.

அந்த ஸ்கோப் போனதில் நான் கற்றுக்கொண்ட வரிசை இது. முதலில் துப்பாக்கியைப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்து எந்தத் தூரத்தில் சுடப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். ஸ்கோப்பின் பெயர், மடங்கு, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெயரில் தொடங்கி, துப்பாக்கியைக் கடைசியில் பார்க்கிறார்கள்.

துப்பாக்கி எப்படி உதைக்கிறது?

வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். அதற்கான ஸ்கோப்பில் லென்ஸ்களும் குறுக்குக் கோட்டு வளையமும் அந்த ஒரு திசை அதிர்ச்சியைத் தாங்கும்படி முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் வேறு மாதிரி. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதனால் துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் முனையை எட்டி, அழுந்திய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முழுவதும் சட்டென்று முன்னால் இழுபடுகிறது. கண் இமைப்பதற்குள் இரண்டும் நடந்து முடிந்துவிடும். தோளுக்கு இது லேசான தட்டல்தான், ஸ்கோப்புக்கோ முன்னும் பின்னுமாக இரண்டு அடி. பெரிய வேட்டைத் துப்பாக்கியில் வருஷக்கணக்கில் தாக்குப்பிடித்த ஸ்கோப் சாதாரண ஸ்பிரிங் ரைபிளில் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

ஆகவே உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வைராக் எச்.டபிள்யூ. 35, பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டர் போன்றவை நேரடி ஸ்பிரிங் ரைபிள்கள். இவற்றுக்கு ஏர் ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப் வேண்டும், அல்லது ஸ்பிரிங் ரைபிளின் மேலேயே பல காலம் இருந்து இன்னும் ஒழுங்காக வேலை செய்கிற ஒன்று வேண்டும். விற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இது இதுவரை எந்தத் துப்பாக்கியில் இருந்தது?" என்பதுதான். லென்ஸைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

போட்டிக்காகச் செய்த பழைய ஸ்பிரிங் ரைபிள்கள் சில உதைப்பே தெரியாமல் சுடும். அதிலும் இரண்டு விதம் உண்டு, ஸ்கோப் வாங்குகிறவர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டயானா 75-இல் கிஸ் முறை. ஒரு பிஸ்டன் முன்னால் போகும் அதே நேரத்தில் இன்னொரு பிஸ்டன் எதிர்த்திசையில் போய் அதிர்ச்சியைச் சமன் செய்துவிடும். ஸ்கோப்புக்கும் அங்கே நிம்மதி. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்-இல் அப்படியில்லை. குழலும் இயக்கப் பகுதியும் சேர்ந்து, நாம் பிடித்துத் தோளில் வைக்கும் கட்டையின் மேல் தண்டவாளத்தில் போவதுபோல் கொஞ்சம் பின்னால் வழுக்கும். கட்டை அசையாததால் தோளுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கோப் இருப்பதோ வழுக்கும் பகுதியின் மேல். தோளுக்குத் தெரியாத உதைப்பு ஸ்கோப்புக்குத் தெரியும். அந்த ரைபிளின் வேகம் மிதமானது என்பதால் நல்ல ஏர் ரைபிள் ஸ்கோப் தாங்கிவிடும். ஆனால் உதைப்பே இல்லாத துப்பாக்கி என்று நம்பி ஒரு மென்மையான ஸ்கோப்பை ஏற்றிவிடாதீர்கள். கண்ணையும் ஸ்கோப்பின் விளிம்புக்கு மிக அருகே வைக்காதீர்கள், அது பின்னால் வரும்.

வால்தர் எல்.ஜி.ஆர்., ஃபைன்வெர்க்பாவ் 600 போல நெம்புகோலை ஒரு முறை இழுத்துக் காற்றை அழுத்திவைக்கும் ரைபிள்களில் பாயும் பிஸ்டன் கிடையாது. கரியமில வாயுவில் இயங்குபவையும் அப்படியே. உங்களிடம் அவற்றில் ஒன்று இருந்தால் உதைப்பைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

போகும் முன் ஒன்று. ஒலிம்பிக்கில் 1984 முதல் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சிறு துளை வழியே குறிபார்க்கும் துளைப்பார்வை சைட்தான். அந்தப் போட்டிதான் உங்கள் இலக்கு என்றால் ஸ்கோப்பில் செலவு செய்யாதீர்கள். மேஜைமேல் தாங்கி வைத்துச் சுடுவது, தனியாகப் பயிற்சி செய்வது, ஸ்கோப்பை ஏற்கும் உள்ளூர்ப் போட்டிகள் என்று இருப்பவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

எந்தத் தூரத்தில் சுடப்போகிறீர்கள்?

இடமாறு தோற்றப் பிழை என்று பள்ளியில் படித்திருப்போம். அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறித் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். ஸ்கோப்புக்குள் இலக்கின் பிம்பமும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் கண் சற்று நகரும்போது கோடு இலக்கின் மேல் நகரும். துப்பாக்கி அசையவே இல்லை, ஆனால் குறி மாறிவிட்டது போலத் தெரியும். நாமும் திருத்துவதாக நினைத்துக்கொண்டு துப்பாக்கியை நகர்த்துவோம், பெல்லட் என்ற சிறு குண்டு வேறு எங்கோ போய் விழும்.

பழைய ஸ்கோப்பில் இதுதான் தலையாய பிரச்சினை. பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளை 100 கஜம் அல்லது அதற்கு மேல் உள்ள தூரத்துக்கு ஆலையிலேயே சரிசெய்து மூடிவிடுவார்கள். .22 ரிம்ஃபயர் எனும் சிறு தோட்டாத் துப்பாக்கிக்கான ஸ்கோப் என்றால் வழக்கமாக 50 கஜம். நாம் சுடுவதோ 10 மீட்டரில், மிஞ்சினால் 25 அல்லது 50 மீட்டரில்.

எவ்வளவு தவறும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் சரிசெய்யப்பட்ட தூரத்துக்கும் நீங்கள் சுடும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் அதைப் பெருக்குங்கள். வந்ததை ஸ்கோப் சரிசெய்யப்பட்ட தூரத்தால் வகுங்கள். கண் ஓரத்துக்குப் போனால் வரக்கூடிய அதிகபட்சப் பிழை அது. 32 மில்லிமீட்டர் முன் லென்ஸ், 100 மீட்டருக்குச் சரிசெய்த ஸ்கோப், 10 மீட்டரில் இலக்கு என்றால் 16 பெருக்கல் 90 வகுத்தல் 100. அதாவது 14.4 மில்லிமீட்டர். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் கருவட்டம் முழுவதுமே 30.5 மில்லிமீட்டர்தான், நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர். கண்ணை மட்டும் தப்பாக வைத்து, கருவட்டத்தின் நடுவைக் குறிபார்த்த பெல்லட்டை அதன் விளிம்பு வரை தள்ளிவிடலாம் என்று அர்த்தம்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. ரிம்ஃபயர் ஸ்கோப் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைப்பார்கள். 50 கஜம் என்பது சுமார் 46 மீட்டர். 32 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10 மீட்டரில் அப்போதும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் பிழை வரும், பெரிய லாபம் இல்லை. லென்ஸ் சிறியதாக இருந்தால்தான் உண்மையான லாபம். 100 மீட்டருக்குச் சரிசெய்த 20 மில்லிமீட்டர் லென்ஸில் பிழை 9 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. பெரிய லென்ஸ்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தைக் கிட்டத்து இலக்கில் கைவிட வேண்டும்.

ஆகவே தேர்வு இப்படிப் போகும். முன் லென்ஸைத் திருப்பித் தூரத்தைச் சரிசெய்யும் வளையம் உள்ள ஸ்கோப் கிடைத்தால் அதை எடுங்கள். வளையம் எவ்வளவு கிட்டே வரும் என்று பார்ப்பது முக்கியம். பழையவற்றில் பல 25 அல்லது 50 கஜத்தோடு நின்றுவிடும், 10 மீட்டருக்கு வராது. வளையத்தில் எழுதியிருக்கும் எண்களையும் அப்படியே நம்பாதீர்கள். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கோடு இலக்கில் அசையாமல் நிற்கும் இடம்தான் சரியான இடம். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வளையம் இல்லாத ஸ்கோப்தான் கிடைத்தது என்றாலும் வழி உண்டு. கறுப்பு அட்டையில் முன் லென்ஸ் அளவுக்கு வட்டம் வெட்டி, நடுவில் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, முன்னால் செருகிவிடுங்கள். மேலே சொன்ன 14.4 மில்லிமீட்டர் பிழை 4.5 ஆகிவிடும். 4 மடங்கு ஸ்கோப்பில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். பகல் வெளிச்சத்தில் அது போதும், கண்ணும் தானாக நடுவுக்கு வந்துவிடும். காசே செலவில்லாத இந்தத் துளை அட்டையை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன்.

இன்னொரு வழி முன் லென்ஸையே நகர்த்துவது. பல ஸ்கோப்புகளில் முன்விளிம்பு வளையத்தைக் கழற்றினால் உள்ளே லென்ஸ் மரையோடு இருக்கும். அதைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால் ஸ்கோப் கிட்டத்துக்குச் சரியாகும். கால் சுற்று, தலையசைத்துச் சோதனை, மறுபடி கால் சுற்று என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். நைட்ரஜன் நிரப்பி மூடிய ஸ்கோப்பில் இதைச் செய்தால் வாயு போய்விடும், பிறகு ஈரக்காற்றில் உள்ளே பனி படியலாம். நைட்ரஜன் நிரப்பும் பழக்கம் பரவுவதற்கு முன் வந்த ஸ்கோப் என்றால் இழக்க ஒன்றும் இல்லை.

கண் பக்கத்தில் இருக்கும் வளையம் வேறு. அது உங்கள் கண்ணுக்குக் குறுக்குக் கோட்டைத் தெளிவாக்குவதற்கு மட்டும்தான். வெள்ளைச் சுவரைப் பார்த்து அதை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு மற்ற வேலைக்குப் போங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

மடங்கும் குறுக்குக் கோடும்

10 மீட்டருக்கு 4 மடங்கு போதும். அந்த இலக்கை இரண்டரை மீட்டரில் வைத்து வெறுங்கண்ணால் பார்ப்பது போலத்தான் அது. 25 மீட்டருக்குத் தாங்கியில் வைத்துச் சுடுவதென்றால் 6 முதல் 10 வரை பயன்படும். கையில் பிடித்துச் சுடுகிறவருக்கு 10 மடங்கில் தன் நாடித்துடிப்பே தெரியும், அதைத் துரத்திக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுப்பார். மடங்கு மாற்றும் பழைய ஸ்கோப்பில் மடங்கை மாற்றினால் குறியும் சற்று மாறுவது உண்டு. நிலையான மடங்கு உள்ளதில் உள்ளே அசையும் பாகங்கள் குறைவு. ஸ்பிரிங் ரைபிளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

குறுக்குக் கோட்டின் தடிமனையும் பாருங்கள். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது சுமார் 29 மில்லிமீட்டர், 10 மீட்டரில் 2.9. ஒரு எம்.ஓ.ஏ. தடிமன் உள்ள கோடு பத்துப் புள்ளியைப் போல ஆறு மடங்கு அகலத்தை மறைக்கும். வேட்டைக்கான பழைய ஜெர்மன் ஸ்கோப்புகளில் கீழிருந்து கூராக எழும் தடித்த தூண் போன்ற குறி இருக்கும். அந்தி வெளிச்சத்தில் விலங்கைப் பார்க்க அது அருமையானது, காகித இலக்கின் நடுவைக் குறிபார்க்கக் கஷ்டம். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் கருவட்டத்தைத் தூணின் நுனியில் உட்காரவைத்துச் சுடுங்கள், பெல்லட் நடுவில் விழும்படி ஸ்கோப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

குழாய், ரெயில், காலம்

குழாயின் விட்டம் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். பழைய சிறு ஸ்கோப்புகள் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். 1930-களில் வந்த வீவர் 330-உம் அந்த அளவுதான். சில 22 மில்லிமீட்டர். ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், பின்னால் பொதுவான அளவாகியது. ஐரோப்பியப் பழைய ஸ்கோப்புகளில் 26 மில்லிமீட்டரும் உண்டு. குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் ஒரு அங்குலமாக இருந்து, அதில் 26-ஐ இறுக்கிப் பூட்டினால் குழாய் நசுங்கும். அந்த அளவுக்கு ரிங் கிடைக்குமா என்று முதலில் தேடிவிட்டு ஸ்கோப்பை வாங்குங்கள். ஸ்கோப் இருந்து ரிங் இல்லாமல் அலமாரியில் தூங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது.

துப்பாக்கி பக்கம் ஸ்கோப்பைப் பூட்டுவதற்குப் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் ரெயில் இருக்கும், பி.எஸ்.ஏ. பழைய துப்பாக்கிகளில் அதைவிட அகலம். வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள். மிகப் பழைய சிலவற்றில் ரெயிலே இருக்காது. அதில் துளைபோட்டு ரெயில் பொருத்தும் ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம். அறுபது எழுபது வருஷம் முழுசாக வந்த ஒரு பொருளில் நாம் போடும் துளை என்றைக்கும் போகாது. அந்தத் துப்பாக்கியை அதன் சொந்த சைட்டோடு சுடுவதே மரியாதை.

காலத்தைப் பொறுத்து மூன்று விஷயங்கள் மாறும். ஒன்று லென்ஸ் பூச்சு. 1935-இல் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா கண்டுபிடித்த பூச்சு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. பூச்சில்லாத கண்ணாடியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். பத்துப் பரப்பு கடந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் நீலமோ ஊதாவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது, வெள்ளையாகவே பளபளத்தால் இல்லை. வெளிச்சமான இடத்தில் காகித இலக்கைச் சுடுகிறவருக்கு அது பெரிய குறை அல்ல.

இரண்டாவது, குறுக்குக் கோடு நடுவிலேயே நிற்குமா என்பது. 1950-கள் வரை செய்த பல ஸ்கோப்புகளில் குறியைத் திருத்தும் திருகைத் திருப்பினால் கோடே பார்வைக்குள் ஓரம் போகும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அமைப்பே அப்படி. இதில் திருகை அதிகம் நம்பாமல், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் மவுண்டைக் கொண்டு பெரும்பாலான திருத்தத்தைச் செய்ய வேண்டும். மூன்றாவது, சிலவற்றில் ஸ்கோப்புக்குள் திருத்தமே கிடையாது. பாஷ் அண்ட் லோம்ப் பால்வார் 8-க்குத் திருத்தம் எல்லாம் அதற்கென்று செய்த மவுண்டில்தான், அந்த மவுண்ட் இல்லாமல் வாங்கினால் வெறும் தொலைநோக்கி. உனெர்ட்ல், ஃபெக்கர் போன்ற நீண்ட இலக்கு ஸ்கோப்புகளும் வெளித் திருத்தம் கொண்டவை. பார்க்கக் கொள்ளை அழகு. அவற்றின் இரண்டு மவுண்டுகளுக்கும் இடையே 7.2 அங்குலம், சுமார் 183 மில்லிமீட்டர் இருந்தால்தான் ஒரு கிளிக், அதாவது திருகு 'கிளிக்' என்று நகரும் ஒரு படி, கால் எம்.ஓ.ஏ. கணக்கில் வரும். ஏர் ரைபிளின் ரெயில் அவ்வளவு நீளம் கிடைப்பது அரிது. முதல் ஸ்கோப்பாக இவற்றை நான் சொல்ல மாட்டேன்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து லென்ஸ். கண் பக்கமும் முன் பக்கமும் மாற்றி மாற்றி, சாய்வாக ஒரு சிறு விளக்கொளியில் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் திட்டோ, பனித்துளி போன்ற கொப்புளமோ தெரிந்தால் லென்ஸ்களை ஒட்டிய பசை விட்டுப்போகிறது. அந்தக் காலத்தில் ஒட்டியது கனடா பால்சம் என்ற மரப்பிசினால். சூடும் ஆல்கஹாலும் அதற்கு ஆகாது, ஆகவே துடைக்கும் திரவத்தைத் தாராளமாக ஊற்றாதீர்கள். வெளியே இருக்கும் சிறு கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம், அவை பிம்பத்தில் தெரியவே தெரியாது. சூரியன் இருக்கும் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பிப் பார்க்கவே கூடாது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

திருகுகளை இரண்டு எல்லை வரை மெதுவாகத் திருப்புங்கள். கோடும் கூடவே சீராக நகர வேண்டும். திருப்பியும் நகராமல் இருந்து, குழாயை விரலால் தட்டியதும் சட்டென்று குதித்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது அல்லது கிரீஸ் இறுகியிருக்கிறது. லேசாக இருந்தால் சமாளிக்கலாம், ஜீரோ செய்யும்போது, அதாவது குறிபார்த்த இடத்திலேயே பெல்லட் விழும்படி ஸ்கோப்பைத் திருத்தும்போது, தட்டிவிட்டுச் சுட வேண்டும். அதிகமாக இருந்தால் வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. அட்டைப்பெட்டியின் எதிரெதிர் ஓரங்களில் ஆங்கில வி வடிவில் இரண்டு வெட்டு போட்டு, ஸ்கோப்பை அதில் கிடத்துங்கள். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே குழாயை அச்சில் சுழற்றுங்கள். கோடு சந்திக்கும் இடம் ஒரே புள்ளியில் நின்றால் ஸ்கோப் நடுவில் இருக்கிறது. வட்டமடித்தால், வட்டம் சிறுத்துப் புள்ளியாகும் வரை திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எந்த ஸ்கோப்பையும் துப்பாக்கியில் ஏற்றும் முன் நான் இதைச் செய்துவிடுவேன். ஏன் என்பது கீழே வரும்.

பூட்டுவது

துப்பாக்கியில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுத்துவைக்கப்படவில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குழலை மடக்கும் ரைபிளில், மடக்கிய நிலையில் ஒரு கையால் குழலை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தவறுதலாக விசை இழுபட்டால் குழல் விரலை நசுக்கும் வேகத்தில் திரும்பி வரும்.

ஸ்பிரிங் ரைபிளில் மவுண்ட் மெல்ல மெல்லப் பின்னால் நகரும், முன்னால் இழுக்கும் அந்த இரண்டாவது அடியால். இதைத் தடுக்க மவுண்டின் அடியில் ஒரு சிறு ஊசி இருக்கும், அது துப்பாக்கியின் ரெயிலில் உள்ள குழியில் இறங்கி நிற்க வேண்டும். குழி இல்லாவிட்டால் பின் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு தடுப்புக் கட்டையைப் பூட்டுங்கள். வெறும் இறுக்கத்தை மட்டும் நம்பினால் ரெயில்தான் தேயும். ரிங்குக்குப் பின்னால் ரெயிலில் பென்சில் கோடு ஒன்று போட்டுவைத்தால் நகர்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இரண்டு ரிங்கின் மேல்மூடியையும் தளர்த்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் துப்பாக்கியை இயல்பாகக் கன்னத்தில் அணையுங்கள். கண்ணைத் திறந்ததும் முழு வட்டமும் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள், கழுத்தை நீட்டாதீர்கள். தொங்கும் நூல்குண்டைப் பார்த்துச் செங்குத்துக் கோட்டை நேராக்குங்கள். ரிங் திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பழைய இரும்புக் குழாயின் சுவர் மெல்லியதாக இருக்கலாம். வேகத்தில் முறுக்கினால் பள்ளம் விழுந்துவிடும், உள்ளே கோடு நகர்வதும் சிக்கிக்கொள்ளும்.

மடக்கும் குழல் கொண்ட பழைய ரைபிள்களில் குழல் ரெயிலைவிடச் சற்றுக் கீழ்நோக்கி இருப்பது சாதாரணம். ஸ்கோப்பைப் பூட்டிச் சுட்டால் எல்லாம் கீழே போகும். உடனே மேல் திருகை எல்லை வரை ஏற்றிவிடாதீர்கள். எல்லைக்குப் போகப் போக உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பிடிமானம் இல்லாமல் ஒவ்வொரு சூட்டுக்கும் குறி அலையும். ஸ்கோப்பை நடுவில் வைத்துத் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான். பின் ரிங்கில், ஸ்கோப்புக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வையுங்கள், பழைய கேமரா ஃபிலிம் துண்டு போதும். ரிங்குகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் இருந்தால் 0.1 மில்லிமீட்டர் தகடு 10 மீட்டரில் 10 மில்லிமீட்டர் ஏற்றும், 25 மீட்டரில் 25. ஓரிரு துண்டுக்கு மேல் தேவைப்பட்டால் குழாய் வளைந்துவிடும். அப்போது பின்பக்கம் உயர்த்திச் செய்த மவுண்ட் வாங்குவதே சரி.

ஜீரோ

பெல்லட் ஊடுருவாத தடுப்பு, பின்னால் யாரும் வரமுடியாத இடம், கண்ணுக்குக் கண்ணாடி. பழைய ஸ்பிரிங் ரைபிளைக் கல்போல இறுக்கிப் பிடிக்காதீர்கள், தாங்கியின் மேல் குழலையும் வைக்காதீர்கள். கட்டையின் முன்பகுதி திறந்த உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும். துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடினால்தான் பெல்லட் ஒரே இடத்துக்குப் போகும்.

ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். ஒரே ஒரு துளையைப் பார்த்துத் திருத்த ஆரம்பித்தால் முடிவே வராது. கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் 10 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 0.7 மில்லிமீட்டர்தான், ஒரு சென்டிமீட்டர் நகர்த்த சுமார் 14 கிளிக் வேண்டும். புதியவர்கள் நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் வேலை செய்யவில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். பழைய ஸ்கோப்பில் கிளிக்கே இல்லாமல் வெறும் கோடுகள் இருக்கலாம். அப்படியானால் வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள், குழாயை விரலால் தட்டுங்கள், இரண்டு சூடு வீணாகச் சுட்டுவிட்டு அதற்கடுத்த ஐந்தைக் கணக்கில் எடுங்கள்.

ஜீரோ கிடைத்ததும் ஒரு சதுரம் சுட்டுப் பாருங்கள். மேலே 20 கிளிக், வலது 20, கீழே 20, இடது 20. கிளிக் இல்லாவிட்டால் அதே அளவு கோடுகள். கடைசியில் சுடும் ஐந்தும் முதல் ஐந்தின் மேலேயே விழுந்தால் ஸ்கோப் உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறது. விழாவிட்டால் முதலில் மவுண்ட் திருகுகளையும் பென்சில் கோட்டையும் பாருங்கள், அப்புறம் கட்டையைப் பிடிக்கும் திருகுகளைப் பாருங்கள், பழைய ஸ்பிரிங் ரைபிளில் அவை தானாகவே தளரும். பெல்லட்டையும் மாற்றிப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்து அப்போதும் அலைந்தால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

முதல் 200 சூடு வரை, ஒவ்வொரு முறை துப்பாக்கியை எடுக்கும்போதும் அந்தப் பென்சில் கோட்டையும் ஜீரோவையும் ஒரு முறை சரிபாருங்கள். ஸ்பிரிங் ரைபிள் ஒரு பழைய ஸ்கோப்பைக் கெடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும்.